கேரியர் மாட்டினேன், மைலேஜ் இறங்கிவிட்டது: 18.8-இலிருந்து 15.2

பொருநைக்கரை | 21 ஜூலை 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குத் தினமும் காரில் வேலைக்குப் போய்த் திரும்புகிறேன். போக வர நூறு கிலோமீட்டர், முழுக்க நான்குவழிச் சாலை. வண்டி 2018 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் செடான், மேனுவல் கியர். 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

ஜூன் கடைசியில் மகளைக் கோவையில் கல்லூரி விடுதியில் சேர்க்க வேண்டியிருந்தது. மெத்தை, டிரங்குப் பெட்டி, வாளி, மிளகாய்ப்பொடி டப்பா என்று அவள் அம்மா கட்டிய மூட்டைகளுக்கு டிக்கி போதவில்லை. 4,500 ரூபாய் கொடுத்து மேலே ஒரு கேரியர் மாட்டினேன். சதுரக் குழாயில் செய்தது. நான்கு பக்கமும் கம்பி எழும்பிக் கூடை மாதிரி இருக்கும்.

மார்ச் முதல் மே வரை சராசரி 18.8 கொடுத்த வண்டி, கேரியர் வந்த பிறகு மூன்று முறை டேங்க் நிரப்பியதில் 15.4, 15.1, 15.1. கணக்கில் ஏமாற்றம் இல்லை. அதே பங்க், அதே குழாய், தானாக நிற்கும்வரை நிரப்புவேன். ஒரு துளி கூடுதலாக ஊற்றச் சொல்வதில்லை. கேரியரில் இப்போது ஒன்றும் இல்லை, காலிதான். காலிக் கம்பிக்கூடு இவ்வளவு பெட்ரோல் குடிக்குமா?

ஸ்பானர் | 21 ஜூலை, இரவு 10.15

குடிக்காது. கேரியரை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள். இருபது கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் மெல்ல நிறுத்திவிட்டு, நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையைக் கிட்டே கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏர் ஃபில்டரையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கேரியரின் ஒரு படமும் போடுங்கள்.

வைகைக்கரையான் | 21 ஜூலை, இரவு 11.02

இதற்கு எதற்கு ஆராய்ச்சி? 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம். 2018 வண்டி அதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. என் வண்டியிலும் இதே கதைதான். கேரியரைக் கழற்றினாலும் சரி, கதவைக் கழற்றினாலும் சரி, பழைய மைலேஜ் திரும்பாது.

கணக்குவாத்தியார் | 22 ஜூலை, காலை 6.20

வைகைக்கரையான் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் 20 சதவீதக் கலவை 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜைக் குறைக்கும் என்று சொல்கிறது.

ஆனால் பொருநைக்கரை கேட்பது வேறு. அவருடைய வண்டியில் சரிவு ஏறக்குறைய 19 சதவீதம். அதுவும் ஒரே மாதத்தில். ஒரு காரணத்தைக் குற்றவாளி என்று பிடிக்க வேண்டுமானால், சரிவு வந்த நாளில்தான் அதுவும் வந்திருக்க வேண்டும். ஐயா, உங்கள் பங்க்கில் அந்தக் கலவை எப்போது வந்தது?

பொருநைக்கரை | 22 ஜூலை, இரவு 9.10

பங்க்கில் கேட்டேன். பிப்ரவரிக்கு முன்பே வந்துவிட்டதாம். அப்படியென்றால் 18.8 கொடுத்ததும் அதே பெட்ரோல்தான்.

ஸ்பானர் அண்ணாச்சி சொன்னபடி சக்கரங்களைப் பார்த்தேன். நான்கும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. ஏர் ஃபில்டர் ஏப்ரலில் மாற்றியது, சுத்தமாக இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

தேரிக்காடு | 22 ஜூலை, இரவு 9.45

எடை! அந்தக் கேரியர் முப்பது கிலோவாவது இருக்கும். அதைத் தினமும் நூறு கிலோமீட்டர் சுமந்தால் பெட்ரோல் செலவாகாதா?

கணக்குவாத்தியார் | 23 ஜூலை, காலை 6.05

ஆகும், ஆனால் கொசுறுதான். அமெரிக்க எரிசக்தித் துறை பொதுமக்களுக்குச் சொல்லும் கணக்குப்படி 45 கிலோ கூடினால் ஒரு சதவீத அளவுக்குத்தான் குறையும். அதுவும் நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில்தான் தெரியும். நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு எடை பெரிய எதிரி அல்ல, காற்றுதான் எதிரி.

உத்தேசமான எண்கள் தருகிறேன். 1,100 கிலோ செடான், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம். டயர் உருளத் தேவைப்படும் விசை ஏறத்தாழ 120 நியூட்டன். காற்றைக் கிழிக்கத் தேவைப்படுவது 245. மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்கே போகிறது. இதே வண்டி 40-இல் போனால் டயருக்கு அதே 120; காற்றுக்கு 50-கூட வேண்டாம். ஊருக்குள் ஓட்டுகிறவர் கேரியரால் ஒன்றும் ஆகவில்லை என்பதும், நெடுஞ்சாலைக்காரர் பெட்ரோல் போய்விட்டது என்பதும் இரண்டுமே உண்மையாக இருப்பது இதனால்தான்.

அதே துறை கூரைமேல் வைக்கும் சாமான் பெட்டிக்குச் சொல்லும் இழப்பு: நகரத்தில் 2 முதல் 8 சதவீதம், நெடுஞ்சாலையில் 6 முதல் 17, மணிக்கு 105-ஐத் தாண்டினால் 10 முதல் 25. உங்களுடையது பெட்டி அல்ல, கூடை. ஆனால் சதுரக் குழாய் காற்றுக்கு மகா மோசமான வடிவம். கூர்முனையில் காற்று பிய்ந்து, பின்னால் சுழன்று, வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்.

ஸ்பானர் | 23 ஜூலை, காலை 8.30

வாத்தியார் பாடம் நடத்தட்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேரியரின் முன்பக்கம் நீலமாகச் சுருண்டு கிடக்கிறதே, அது என்ன?

பொருநைக்கரை | 23 ஜூலை, மதியம் 1.20

தார்ப்பாய். கோவைக்குப் போனபோது மழைக்குப் போர்த்தியது. சுருட்டிக் கயிற்றால் கட்டி அங்கேயே விட்டுவிட்டேன். மூன்று, நான்கு கிலோ இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்பானர் | 23 ஜூலை, மதியம் 1.35

"காலி" என்று எழுதினீர்களே ஐயா! வண்டியின் முழு அகலத்துக்கும் குறுக்கே, தொடை பருமனுக்கு ஒரு தலையணையைக் கட்டி வைத்துவிட்டு அதைக் காலி என்கிறீர்கள். அது எத்தனை கிலோ என்று யார் கேட்டது? எவ்வளவு காற்றை மறிக்கிறது என்பதல்லவா கேள்வி.

இன்னொன்று. இடப்பக்க முன்கதவின் மேல் விளிம்பில் கேரியரின் பிடி ரப்பரை நசுக்கிக்கொண்டு நிற்கிறது. மழை வந்தால் உள்ளே தண்ணீர் சொட்டும். பிடிக்கு அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றை வையுங்கள்.

முப்பந்தல்காரன் | 23 ஜூலை, இரவு 10.50

காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவன். இங்கே யாருமே மாதத்தைக் கேட்கவில்லை என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. மார்ச்சில் 18.8, ஜூலையில் 15.2. நடுவில் வந்தது கேரியர் மட்டுமா? ஆனியும் ஆடியும் வரவில்லையா?

ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, இறங்கும். எங்களுக்கு அறுவடைக்காலம் அதுதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது உங்கள் ஊர்ப்பக்கம் வெறும் பழமொழி அல்ல. காலையில் தூத்துக்குடிக்குக் கிழக்கே போகும்போது காற்று உங்கள் முதுகில். மாலையில் மேற்கே திரும்பும்போது முகத்தில்.

தேரிக்காடு | 23 ஜூலை, இரவு 11.05

போகும்போது தள்ளுகிறது, வரும்போது தடுக்கிறது. சரிக்குச் சரி ஆகிவிடுமே?

கணக்குவாத்தியார் | 24 ஜூலை, காலை 5.55

ஆகாது. இந்தக் கேள்விக்காகவே இன்று சீக்கிரம் எழுந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். வண்டி 90, காற்று 30 என்று வையுங்கள். காலையில் வண்டி உணரும் காற்று 60. மாலையில் 120. காற்றே இல்லாத நாளில் இருபுறமும் 90. விகிதம் 2, 4, 3. வர்க்கம் எடுத்தால் 4, 16, 9. காற்றுள்ள நாளில் 4-உம் 16-உம் சேர்ந்து 20. காற்றில்லாத நாளில் 9-உம் 9-உம் 18. காலையில் கிடைத்த லாபத்தை மாலை வட்டியோடு வசூலித்துவிடுகிறது. காற்றுத்தடை மொத்தத்தில் 11 சதவீதம் அதிகம். கேரியரும் தார்ப்பாயும் இதே பெருக்கலுக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன.

பொருநைக்கரை ஐயா, உங்கள் டாஷ்போர்டில் சராசரி மைலேஜ் காட்டும் அல்லவா? நாளை வீட்டில் கிளம்பும்போது ஒருமுறையும், மாலையில் அலுவலகத்தில் கிளம்பும்போது ஒருமுறையும் பூச்சியமாக்கிப் பாருங்கள்.

பொருநைக்கரை | 24 ஜூலை, இரவு 8.30

காலை 18.9. மாலை 12.8. எனக்கே நம்ப முடியவில்லை.

மாலையில் வாகைக்குளம் சுங்கச்சாவடி தாண்டியதும் கண்ணாடியை இறக்கிக் கேட்டேன். எழுபதைத் தொட்டதும் கேரியரில் ஊஊ என்று விசில் கிளம்புகிறது. எண்பதில் அது உறுமலாக மாறுகிறது. வல்லநாடு வரும்வரை ஓயவில்லை. இதே சத்தம் காலையில் தொண்ணூறில்கூட இல்லை. ஒரு மாதமாக ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பாட்டும் போட்டுக்கொண்டு போனதில் இதைக் கவனிக்கவே இல்லை.

இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 15.85 வருகிறது, டேங்க் கணக்கில் 15.2. இது ஏன் ஒத்துப்போகவில்லை?

கணக்குவாத்தியார் | 25 ஜூலை, காலை 6.00

மைலேஜை அப்படிக் கூட்டி வகுக்கக் கூடாது. ஐம்பது கிலோமீட்டருக்குக் காலையில் 2.65 லிட்டர், மாலையில் 3.91 லிட்டர். மொத்தம் 6.56 லிட்டரில் நூறு கிலோமீட்டர். 15.2 வந்துவிட்டது பாருங்கள். இனிமேல் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றே பேசுவோம். கூட்டலும் கழித்தலும் அதில்தான் நேர்மையாக வரும்.

முப்பந்தல்காரன் | 25 ஜூலை, காலை 7.15

விசிலுக்கு வைத்தியம் இருக்கிறது. முன்குறுக்குக் கம்பியைச் சுற்றிக் கயிற்றை இடைவெளி விட்டுச் சுருள் சுருளாகக் கட்டுங்கள். உயரமான புகைபோக்கிகளின் தலையில் சுருள்பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம். ஆனால் சத்தம்தான் போகும், பெட்ரோல் மிச்சமாகாது.

ஸ்பானர் | 25 ஜூலை, காலை 9.00

எல்லாம் சரி. கோவை போவதற்கு முன்னால் வண்டியில் வேறு எதுவும் செய்தீர்களா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். மூன்று நாளாகக் காலி என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயைக் காட்டியவர் நீங்கள்.

பொருநைக்கரை | 25 ஜூலை, இரவு 9.25

தலையில் அடித்துக்கொள்கிறேன். டயர் மாற்றினேன். நான்கும் புதிது, கேரியர் மாட்டியதற்கு இரண்டு நாள் முன்பு. பழையது 185/65 ஆர்15. கடையில் அந்த அளவு கைவசம் இல்லை, 195/65 போட்டால் ரோட்டில் இன்னும் நன்றாக உட்காரும் என்றார்கள். தலையாட்டிவிட்டேன். காற்றழுத்தம் இப்போது அளந்தேன்: நான்கிலும் 28 பி.எஸ்.ஐ. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 32 என்றிருக்கிறது. உடனே 32 ஆக்கிவிட்டேன்.

ஸ்பானர் | 25 ஜூலை, இரவு 9.40

முழுக்கத் திருப்பும்போது உள்பக்கம் உரசுகிறதா பாருங்கள். பத்தியம் கேட்டு வந்த நோயாளி கடைசி நாளில் "கருவாடு மட்டும் சாப்பிட்டேன்" என்று சொன்னது போல இருக்கிறது.

கணக்குவாத்தியார் | 26 ஜூலை, காலை 6.10

சோதனைக்கு நடுவில் அழுத்தத்தை மாற்றியிருக்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும். போகட்டும், ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீதம் என்பார்கள். நான்குக்கு ஒரு சதவீதம்கூட வராது.

டயர்தான் சுவையான சங்கதி. பழையதன் விட்டம் 621.5 மில்லிமீட்டர். புதியது 634.5. அதாவது 2.1 சதவீதம் பெரிது. உங்கள் ஓடோமீட்டர் சாலையை அளப்பதில்லை, சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணித்தான் கிலோமீட்டர் போடுகிறது. பெரிய சக்கரம் குறைவாகச் சுற்றும். நீங்கள் உண்மையில் 102 கிலோமீட்டர் போனாலும் அது 100 என்றே எழுதும். ஆகவே காணாமல் போன மைலேஜில் கொஞ்சம் காணாமலே போகவில்லை, எண்ணப்படாமல் விட்டது. 15.2 என்பது உண்மையில் 15.5.

இனிமேல் செய்ய வேண்டியது: கேரியரைக் கழற்றி இரண்டு டேங்க். பிறகு தார்ப்பாய் இல்லாமல் வெறும் கேரியரை மாட்டி ஒரு டேங்க். காற்றுக்காலம் முடிவதற்குள் செய்துவிடுங்கள். இல்லையென்றால் காற்று குறைந்ததையும் கேரியர் இறங்கியதையும் பிரித்துப் பார்க்க முடியாது. வேகம், ஏசி, பங்க் எதையும் மாற்றாதீர்கள்.

வைகைக்கரையான் | 26 ஜூலை, காலை 10.30

இவ்வளவுக்குப் பிறகும் சொல்கிறேன், எத்தனாலை மறக்காதீர்கள்.

கணக்குவாத்தியார் | 26 ஜூலை, காலை 10.50

மறக்கவில்லை. அது 18.8-க்குள்ளேயே இருக்கிறது. அது இல்லையென்றால் உங்கள் 18.8 இன்னும் மேலே இருந்திருக்கும்.

பொருநைக்கரை | 17 ஆகஸ்ட், மாலை 6.45

சோதனை முடிந்தது. கேரியர் இல்லாமல் இரண்டு டேங்க்: 17.3, 17.5. வெறும் கேரியரோடு ஒரு டேங்க்: 16.0. எல்லாம் ஓடோமீட்டர் காட்டியது. கேரியரைக் கழற்றி மறுபடி மாட்டியதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு விரல்நகமும் போயின. பிடிக்கு அடியில் டியூப் வைத்தேன். ஆனாலும் கதவு ரப்பரில் விழுந்த தடம் போகவில்லை.

கணக்குவாத்தியார் | 17 ஆகஸ்ட், இரவு 8.20

அருமை. 2.1 சதவீதம் சேர்த்து, நூறு கிலோமீட்டருக்கு லிட்டராக மாற்றுகிறேன்.

மார்ச் முதல் மே வரை 5.32. ஜூலையில் கேரியரும் தார்ப்பாயும் இருந்தபோது 6.44. வெறும் கேரியரோடு 6.12. கேரியரே இல்லாமல் 5.63.

தார்ப்பாயை இறக்கியதில் மிச்சம் 0.32, அதில் சிறு பங்கு டயர் அழுத்தத்துடையது. கேரியருக்கு மட்டும் 0.49. வெறும் துணிச்சுருள் ஒன்று, முழு இரும்புக் கூட்டில் பாதிக்கும் மேல் குடித்திருக்கிறது. எல்லாமாகச் சேர்த்து 0.81 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் தினம் 81 ரூபாய், 24 வேலைநாளுக்கு 1,944. இரண்டரை மாதத்தில் கேரியர் தன் விலையை உங்களிடமே இன்னொரு முறை வாங்கிவிடும்.

மீதி 0.31 லிட்டர் காற்றா, புது டயரா என்பதை இப்போது சொல்ல முடியாது. ஐப்பசி வரட்டும்.

தேரிக்காடு | 17 ஆகஸ்ட், இரவு 8.50

முப்பது கிலோ எடை பற்றி நான் எழுதியதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பொருநைக்கரை | 19 அக்டோபர், இரவு 10.10

நாளை தீபாவளி. மகளை அழைத்து வந்துவிட்டேன், இம்முறை டிக்கி போதுமானதாக இருந்தது. மேல்காற்று ஓய்ந்த பிறகு, கேரியர் இல்லாமல் நிரப்பிய டேங்க் 18.3 காட்டியது. டயர் கணக்கைச் சேர்த்தால் 18.7.

முப்பந்தல்காரன் | 19 அக்டோபர், இரவு 10.25

டயரை விட்டுவிடுங்கள், அது நிரபராதி. எங்கள் காற்றாடிகளும் இப்போது சோம்பலாகத்தான் நிற்கின்றன.

அம்பைக்காரன் | 20 அக்டோபர், காலை 11.40

இழையை முழுவதும் படித்தேன். நான் ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவன், ஐம்பதைத் தாண்டுவதில்லை. அந்தக் கேரியரை விற்பீர்களா?

பொருநைக்கரை | 20 அக்டோபர், மாலை 4.15

மன்னிக்கவும். பங்குனி உத்திரத்துக்குச் சாத்தா கோயிலுக்குப் பொங்கல் பானையும் விறகும் அதில்தான் போக வேண்டும். அதுவரை அது மொட்டைமாடியில் கிடக்கிறது. நடுவில் வலை கட்டி அம்மா அதில் மோர்மிளகாய் காயவைக்கிறார்கள். காகம் கொத்தாமல் இருக்க மேலே நீலத் தார்ப்பாய்.